இரவலில் பிறந்த வாசிப்பு

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: வாசிக்கும் பழக்கத்தைப் பெரிதும் வளர்ப்பது சொந்தப் புத்தகமா? இரவல் புத்தகமா? ‘இரவல் புத்தகமே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரே சொந்தப் பேனாவும் சொந்தக் குறிப்பும் வைத்துக்கொண்டு, இந்த அம்மா எங்கே சறுக்குவாள் என்று காத்திருக்கும் எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மயக்கத்திலும் தூங்காமல் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தினரே! 

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ரொம்ப அழகாகப் பேசினார். “சொந்த வீடும் சொந்தப் புத்தகமும்தான் மனுஷனுக்குக் கௌரவம்” என்று சொன்னார். ஒரு தடிமனான புத்தகத்தை உயர்த்திக் காட்டி மேற்கோள் எல்லாம் படித்தார். நீங்களும் கைதட்டினீர்கள். நடுவர் ஐயா, அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். முதுகில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் ஒரு எண் இருக்கிறது. உள்ளே முதல் பக்கத்தில் நூலக முத்திரை இருக்கிறது! (சிரிப்பு, கைதட்டல்) இரவலுக்கு எதிராகப் பேசவே அவர் இரவல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். நான் இத்தோடு உட்கார்ந்துவிடலாம். ஆனால் ஏழு நிமிஷம் கொடுத்திருக்கிறீர்கள். அதை வீணாக்க மனசு வரவில்லை.

ஐயா, ஒரு சின்னக் கேள்வி. நீங்கள் முதன்முதலில் விழுந்து விழுந்து படித்தீர்களே ஒரு கதைப் புத்தகம், சாப்பிடக் கூப்பிட்டால்கூட எழுந்திருக்காமல் படித்தீர்களே, அது நீங்கள் உங்கள் காசில் வாங்கியதா? எட்டு வயசிலே யாருக்குச் சம்பளம்? அண்ணன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருப்பார். இல்லை, பக்கத்து வீட்டு அலமாரியில் இருந்திருக்கும். மாமா ஊருக்கு வந்தபோது பையிலே இருந்திருக்கும். ஆக, பழக்கம் எங்கே தொடங்குகிறது? இரவலில் தொடங்குகிறது! ருசி கண்ட பிறகுதான் கடைக்குப் போகிறோம். வாங்குவது என்பது வாசிப்பின் விளைவு. எதிரணியினர் விளைவைக் காட்டி, அதுதான் விதை என்கிறார்கள். மாங்காயைக் காட்டி, இதிலிருந்துதான் வேர் வந்தது என்று சொன்னால் எப்படி? (சிரிப்பு)

நான் மயிலாப்பூரிலே வளர்ந்தவள். கச்சேரி ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்து. ஒண்டுக்குடித்தனம். எட்டுக் குடும்பம், ஒரு கிணறு, ஒரு வார இதழ்! அந்த இதழ் முன்கட்டு வீட்டு மாமியின் சொந்தம். அவர்கள் வீட்டிலே படித்து முடித்ததும் இரண்டாவது வீட்டுக்குப் போகும். அங்கிருந்து மூன்றாவது வீடு. கடைசிக் கட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் அடுத்த வாரத்து இதழ் கடைக்கு வந்துவிடும். தொடர்கதையிலே கதாநாயகி முன்கட்டில் கல்யாணம் முடிந்து புக்ககம் போயிருப்பாள். எங்கள் வீட்டில் இன்னும் பெண் பார்க்கவே வந்திருக்க மாட்டார்கள். (சிரிப்பு) கிணற்றடியிலே முன்கட்டு மாமி வாயைத் திறந்தாலே எங்கம்மா கத்துவாள்: “மாமி, சொல்லிடாதீங்கோ! நான் இன்னும் படிக்கலை!”

இது சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை ஐயா. எங்கம்மா கையில் காசு இருந்தது. காய்கறிக்காசு இருந்தது, பால்காசு இருந்தது. ஆனால் தனக்கென்று செலவு செய்ய ஒரு ரூபாய் அவள் கையில் இல்லை. புத்தகம் வாங்கணும்னு வீட்டிலே கேட்டால், “படிச்சு என்ன பண்ணப்போறே?” என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு எந்தப் பெண்ணாலும் ரசீது போட்டுப் பதில் சொல்ல முடியாது. நம்ம வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் அப்படி இருந்திருக்கிறார்கள்! அவர்களுக்குச் சொந்தப் புத்தகம் ஒன்றுதான் வழி என்றிருந்தால், ஒரு தலைமுறைப் பெண்கள் மளிகை சாமான் கட்டி வந்த காகிதத்தைத் தவிர வேறெதையும் படித்திருக்க மாட்டார்கள். (கைதட்டல்) இரவல் புத்தகத்துக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். புடவைத் தலைப்பிலே மறைத்துக்கொண்டு வரலாம். மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை அவள் ராஜ்யம்!

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. மணியம் படம் வரைந்தார். அந்தப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி வைத்த வீடுகள் தமிழ்நாட்டிலே எத்தனை! எங்கள் சந்திலும் எதிர் வீட்டுப் பாட்டியிடம் அப்படி ஒரு பைண்டு வால்யூம் இருந்தது. கதைக்கு நடுவிலே தைல விளம்பரம் வரும், துணுக்கு வரும். அதில் ஓரிடத்தில் இரண்டு வாரத்துப் பக்கங்கள் காணோம். எங்கம்மா என்ன செய்தாள் தெரியுமா? நேரே பாட்டியிடம் போய் உட்கார்ந்தாள். பாட்டி அந்த இரண்டு வாரத்தையும் வாயாலேயே சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு வந்து மேலே படித்தாள். நான் வேலைக்குப் போன பிறகு ஐந்து பாகத்தையும் விலைக்கு வாங்கிக் கொடுத்தேன். விட்டுப்போன அத்தியாயங்களை ஆசையோடு படித்துவிட்டு அம்மா சொன்னாள்: “நன்னாத்தான் இருக்கு. ஆனா பாட்டி சொன்னதுலே இன்னும் கொஞ்சம் சண்டை ஜாஸ்தி இருந்தது.” (பலத்த சிரிப்பு)

எதிரணி நண்பர்களே, சொந்தப் புத்தகம் தனியாக வரும். இரவல் புத்தகம் ஒரு மனுஷரோடு வரும். “படிச்சியா? எப்படி இருந்தது?” என்று திரும்பக் கேட்க ஒரு ஆள் இருக்கும். படிப்பது பழக்கமாக மாறுவது அந்தக் கேள்வியால்தான்.

இன்னொன்று. இரவல் புத்தகத்துக்குக் கெடு உண்டு. பதினைந்து நாளிலே திருப்பணும், இல்லையென்றால் அபராதம். அதனாலேயே படித்துவிடுகிறோம். சொந்தப் புத்தகத்துக்குக் கெடுவே கிடையாது. “எங்கே போகப்போகுது, அப்புறம் படிச்சுக்கலாம்.” அந்த அப்புறம் வருவதேயில்லை! அடையாறிலே ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போனேன். புது ஃபிளாட். கூடத்திலே கண்ணாடி அலமாரி. தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் பக்கத்தில் வரிசையாகப் புத்தகங்கள். ஒன்றை எடுத்துப் பிரிக்கப் போனேன். “ஐயோ, அதைத் தொடாதே, கலர் வரிசை கலைஞ்சுடும்” என்றாள். (சிரிப்பு) பாண்டி பஜாரிலே புடவைக்கு மேட்சிங் ரவிக்கை பார்க்கிற மாதிரி, சுவருக்கு மேட்சிங் புத்தகம்! சொந்தம்தான். படித்தது யார்?

இதைவிடப் பெரிய கதை ஒன்று சொல்கிறேன். 1880-ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் உ.வே. சாமிநாதையர் தமிழாசிரியராகச் சேர்ந்த வருஷம். அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். ஐயர் தாம் படித்த நூல்களையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார். முதலியார் அசைந்துகொடுக்கவில்லை. “சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?” என்ற பொருள்படக் கேட்கிறார். படித்ததில்லை. பிரதியே கண்ணில் பட்டதில்லை. முதலியார் தம்மிடம் இருந்த பிரதியைக் கொடுக்கிறார். அந்தக் கை கொடுத்த பிரதி, அடுத்தடுத்த ஊர்களில் தேடி வாங்கிய ஏடுகள், இவற்றையெல்லாம் ஒப்பிட்டுத்தான் 1887-ல் சீவக சிந்தாமணி அச்சாகிறது. 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. நாம் இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அந்தத் தமிழ்ச் செல்வம் ஊர் ஊராக, மடம் மடமாக, திண்ணை திண்ணையாக ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்துத் திரண்டது ஐயா! (கைதட்டல்)

கொடுக்காத வீடுகளும் இருந்தன. பரம்பரைச் சொத்து, வெளியே தர மாட்டோம் என்று பரணிலே வைத்தார்கள். என்ன ஆயிற்று? கரையான் படித்தது! செல்லரித்த ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றிலே விட்ட கதையை ஐயரே தம் வாழ்க்கை வரலாற்றில் வேதனையோடு எழுதியிருக்கிறார். சொந்தம் என்று பூட்டி வைத்தது ஆற்றோடு போயிற்று. இரவலாகக் கொடுத்தது நிலைத்தது. ஐயர் 1942-ல் காலமானார். அவர் சேர்த்த சுவடிகளும் புத்தகங்களும் பூட்டிய அறையில் கிடக்கவில்லை. 1943-ல் ருக்மிணி தேவி அருண்டேல் அவர் பெயரால் ஒரு நூலகம் தொடங்கினார். இன்றும் பெசன்ட் நகரிலே இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, பிரம்மஞான சபைத் தோப்புக்குள் இருக்கும் அடையாறு நூலகம் 1886-ல் கர்னல் ஆல்காட் தொடங்கியது. கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறோம். அறிவு வாங்கவும் அதே பக்கம் இரண்டு இடம் இருக்கிறது.

அடுத்து, “இரவல் வாங்குவது பிச்சை எடுப்பது மாதிரி” என்று எதிரணியிலே ஒரு சொல் வந்தது. கொஞ்சம் வலித்தது. நடுவர் ஐயா, சீர்காழியிலே பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்குப் பேராசிரியராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தார். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகமெங்கும் நூலகப் படிப்பில் இன்றும் அதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். முதல் விதியின் கருத்து என்ன? புத்தகம் இருப்பது பயன்படுவதற்கு. அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியிலே நூலகம் போயிற்று! படிக்கிறவன் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. காய்கறி வண்டி மாதிரி வீட்டு வாசலுக்கே போனது. ரங்கநாதன் போன்றவர்கள் விடாமல் பாடுபட்டதால் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே அந்த மாதிரிச் சட்டத்துக்கு நம்ம மாகாணம்தான் முன்னோடி.

அந்தச் சட்டத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதோடு நூலக வரி என்று ஒன்று சேர்ந்து வரும். “நான் வாடகைக்குத்தானே இருக்கிறேன்” என்கிறீர்களா? தி. நகரிலே எந்த வீட்டுக்காரராவது வரியைத் தன் பையிலிருந்து கட்டுவாரா? அதையும் வாடகையிலேயே ஏற்றியிருப்பார்! (சிரிப்பு) ஆகவே நூலகத்திலே நீங்கள் எடுக்கிற புத்தகம் பிச்சை இல்லை ஐயா. நீங்கள் காசு கட்டிவிட்டீர்கள். படிக்காமல் இருந்தால்தான் நஷ்டம்! கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம் பிடிக்கிறார்கள். வீட்டில் மேஜை கிடையாது, மின்விசிறிக்குக் கீழே தனி இடம் கிடையாது. இங்கே நாற்காலி இரவல், வெளிச்சம் இரவல், புத்தகம் இரவல். ஆனால் பரீட்சையில் வாங்குகிற மார்க் சொந்தம்! (பலத்த கைதட்டல்) சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கவும் அங்கே தனி இடம் இருக்கிறது. எதிரணியையும் அவர்கள் மறக்கவில்லை.

இப்போது அவர்களுடைய பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். “எல்லோரும் இரவல் வாங்கினால் எழுத்தாளன் எப்படிப் பிழைப்பான்?” நியாயமான கேள்வி. நானும் கொஞ்சம் எழுதுகிறவள்தான். எனக்குத் தனி எழுத்து மேஜை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தால் அதுதான் என் அலுவலகம். பாத்திரம் கவிழ்த்து, பால் உறை ஊற்றி, நாளைக்கு இட்லிக்கு அரைத்தாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் கதாநாயகனுக்கு வசனம் எழுதணும். சில நாள் அவன் பேசுவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். (சிரிப்பு) இதில் வருத்தம் ஒன்றுமில்லை. சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற அசோகமித்திரனே தி. நகர் நடேசன் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவர். எத்தனை பெரிய எழுத்து! எழுதிய இடம் ஊருக்குப் பொதுவான இடம்.

எழுத்தாளருக்கு உரிமைத்தொகை வழக்கமாக விலையில் பத்து சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு 20 ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால்தான் 20,000 ரூபாய். இன்றைக்குப் பல பதிப்பகங்கள் நூறு, இருநூறு என்றுதான் ஒரு தடவைக்கு அச்சடிக்கின்றன. ஆகவே எழுத்தாளருடைய கஷ்டம் நிஜம். ஆனால் அதற்குக் காரணம் இரவல் வாங்குகிறவர் இல்லை. படிக்கவே படிக்காதவர்தான் காரணம்! தமிழ்ப் பதிப்பாளர்களைக் கேட்டுப் பாருங்கள். “நூலக ஆணை கிடைச்சுதா?” என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. நூலகம் வாங்கினால் முதல் பதிப்பு தேறும். அப்படியானால் எழுத்தாளரைத் தாங்குவதிலும் இரவல் நிலையத்துக்குப் பங்கு உண்டா இல்லையா?

வெளிநாட்டில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1946-ல் டென்மார்க் தொடங்கியது. பிரிட்டனில் 1979-ல் சட்டமே போட்டார்கள். பொது நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் இரவல் போகிறதா? அதைக் கணக்கிட்டு ஆசிரியருக்கு அரசாங்கம் ஒரு சிறு தொகை கொடுக்கிறது. வாசகர் கையிலிருந்து காசு வாங்குவதில்லை. நம்ம நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. எழுத்தாளர் மேல் எதிரணிக்கு அவ்வளவு அக்கறை இருந்தால், வாருங்கள், அந்தச் சட்டம் வேண்டும் என்று சேர்ந்து கேட்போம். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். பேனா மட்டும் நீங்கள் கொடுங்கள். (சிரிப்பு, கைதட்டல்)

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரவல் வேறு, களவு வேறு. என் புத்தகத்தை உங்களிடம் கொடுத்தால் என் கையிலே அது இருக்காது. நீங்கள் திருப்பிக் கொடுக்கிறவரை நான் காத்திருக்கணும். அது இரவல். கைப்பேசியிலே ஒரு புத்தகத்தைப் படம் பிடித்து, ஒரே தட்டில் ஐந்நூறு பேருக்கு அனுப்புகிறார்களே, அது இரவல் இல்லை. ஒன்று ஐந்நூறாகிறது, ஆசிரியருக்கு ஒரு பைசா இல்லை. ஆசிரியர் உயிரோடு இருக்கும்வரை மட்டுமில்லை, இறந்து 60 ஆண்டு வரை உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு என்பது நம்ம நாட்டுச் சட்டம். அந்தத் திருட்டை எங்கள் அணிக் கணக்கில் எழுதாதீர்கள்!

“கொடுத்தால் திரும்பி வராதே!” என்கிறார்கள். வராமல் போவது உண்டு. அதற்கு மருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்று. யாருக்கு, என்றைக்கு, எந்தப் புத்தகம். எழுதி வையுங்கள். வாடகை நூல் நிலையக்காரர்கள் அப்படி ஒரு பேரேட்டை வைத்துக்கொண்டுதான் கோபாலபுரத்திலும் மயிலாப்பூரிலும் வருஷக்கணக்காகத் தொழில் நடத்தினார்கள். வட்டிக்குக் கொடுத்த பணத்தைக் கேட்க நாம் கூச்சப்படுவதில்லை. புத்தகத்தைக் கேட்க மட்டும் ஏன் கூச்சம்? “அந்தப் புத்தகம் முடிச்சாச்சா அண்ணா?” என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். முடிக்கவில்லை என்றால் அவர் வெட்கப்பட்டாவது படிப்பார். அங்கேயும் வாசிப்புதான் வளர்கிறது!

ஐயா, ஒவ்வொரு ஜனவரியிலும் சென்னையிலே புத்தகக் காட்சி நடக்கிறது. 1977-ல் மவுண்ட் ரோடு பள்ளிக்கூடத்திலே தொடங்கியது, சமீப ஆண்டுகளில் நந்தனத்திலே நடக்கிறது. போங்கள், பை நிறைய வாங்குங்கள். நாங்கள் வாங்கக் கூடாது என்று சொல்கிற அணி இல்லை. அங்கே கூட்டமாக வாங்குகிற ஒவ்வொருவர் பின்னாலும், ஒரு காலத்தில் அவருக்குப் புத்தகம் இரவல் கொடுத்த ஒரு மாமி இருக்கிறார், ஒரு வாத்தியார் இருக்கிறார், ஒரு நூலகர் இருக்கிறார். அதைத்தான் சொல்கிறோம்.

செட்டிநாட்டுக் கோட்டையூரிலே ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். வாழ்நாள் முழுக்கப் புத்தகமும் பத்திரிகையும் நோட்டீசுமாகச் சேர்த்தார். 1992-ல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, நாட்டை விட்டுக் கொண்டுபோகாமல் இங்கேயே வைத்தது. 1994-ல் சென்னையிலே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் தொடங்கியது. இன்று தரமணியிலே இருக்கிறது. ஒரு மனிதரின் சொந்தம், ஆயிரம் பேருக்கு இரவலானதும்தான் அதற்கு ஆயுசு கூடியது. (மணி ஒலிக்கிறது)

மணி அடித்துவிட்டார் நடுவர். அவர் மணி சொந்தம், எனக்குக் கொடுத்த நேரம்தான் இரவல்! (சிரிப்பு) ஒரே நிமிஷம் ஐயா.

போகிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணியிருப்பீர்கள். பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு ஒரு கட்டுக் கட்டி வாசலிலே வைத்திருப்பீர்கள். இந்த நிகழ்ச்சி முடிந்ததும் அந்தக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். கிலோவுக்கு என்ன கொடுப்பான்? அதிலே ஒரு புத்தகத்தை எடுங்கள். உங்கள் வீட்டிலே வேலை செய்கிற அம்மாவின் பெண் எட்டாவது படிப்பாள். மாடி வீட்டுத் தாத்தா கண் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருப்பார். அவர்கள் கையிலே கொடுங்கள். “படிச்சுட்டுத் திருப்பிக் கொடு” என்று சொல்லிக் கொடுங்கள். திருப்பிக் கொடுக்க வரும்போது அந்தப் பெண் அடுத்த புத்தகம் கேட்பாள். அந்த நிமிஷத்திலே உங்களுக்கு என் தீர்ப்பு புரியும்.

கொடுத்தால் குறையாதது, வாங்கினால் கடனாகாதது, கை மாற மாற வளர்வது, இரவல் புத்தகமே, இரவல் புத்தகமே என்று கூறி அமைகிறேன். (நீண்ட கைதட்டல்)